நான்கு ஊர்களில் ஒரு மரணம்

மரணம் ஓர் இளைஞனாக மேடைக்கு வருகிறான். அழகன்; அவசரம் இல்லாதவன். உயரத்திலிருந்து தவறி விழுந்து நினைவிழந்து கிடக்கும் ஒரு சிறுமியை எடுத்துப் போக வந்தவன், அவள் முகத்தைப் பார்க்கிறான். எடுத்துப் போகாமல் உயிரைத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறான். அந்தச் சிறுமிதான் பின்னாளில் ஆஸ்திரியாவின் பேரரசி எலிசபெத். அவளுடைய திருமணத்தில், மகளின் சாவில், மகனின் தற்கொலையில், வயது ஏற ஏற அவள் மேற்கொள்ளும் ஓயாத பயணங்களில் என்று எங்கும் அவன் வந்து நிற்கிறான். அவள் அவனை விரட்டுகிறாள், வேறு ஒரு நாள் அவளே கூப்பிடுகிறாள். 1898 செப்டம்பர் 10 அன்று ஜெனீவா ஏரிக்கரையில் லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலிய அராஜகவாதி கூர்தீட்டிய அரம் ஒன்றை அவள் நெஞ்சில் பாய்ச்சும்போது, அந்த அரத்தை அவன் கையில் கொடுத்தவன் மரணம்தான் என்கிறது நாடகம்.

மிஷாயேல் கூன்ட்சே எழுதி, சில்வெஸ்டர் லெவாய் இசையமைத்த ‘எலிசபெத்’ 1992 செப்டம்பர் 3 அன்று வியன்னாவில் அரங்கேறியது. ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட இசைநாடகங்களில் இதைவிட அதிகமாக உலகம் சுற்றியது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அது நியூயார்க்கின் பிராட்வே வழியாகச் சுற்றவில்லை. புடாபெஸ்ட், தகராசுகா, தோக்கியோ, சியோல் என்று அதற்கு வேறொரு வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் நான் ஊர் ஊராகப் போய் ஒரே நாடகத்தைப் பார்த்தேன். கதை தெரியும், பாட்டு தெரியும், முடிவு தெரியும். ஒவ்வோர் ஊரும் மரணத்தை என்னவாகப் பார்க்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

இதையே ‘ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’வை வைத்துச் செய்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது. லண்டனிலிருந்து கிளம்பிய பெரிய இசைநாடகங்கள் 1980களில் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தன. உரிமையோடு சேர்த்து மேடையமைப்பு, உடை, ஒளி, நடிகர்களின் நடைவரை எல்லாமே அச்சு மாறாமல் ஏற்றுமதியாகும். எந்த ஊரில் பார்த்தாலும் அதே சரவிளக்கு அதே இடத்தில் விழும். பார்வையாளருக்கு அது தரத்தின் உத்தரவாதம். ‘எலிசபெத்’ வேறு வழியில் போனது. கூன்ட்சேயும் லெவாயும் இயக்குநர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். காட்சியை மாற்றலாம், பாட்டைக் கூட்டலாம், கேட்டால் புதிதாகவே எழுதியும் தருவார்கள். அப்படித் திறந்துவிட்டதால் என்னவெல்லாம் உள்ளே வந்தன, என்னவெல்லாம் வெளியே போயின என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

வியன்னாவில் எலிசபெத்திடமிருந்து தப்பவே முடியாது. காந்தப் பட்டைகள், சாக்லேட் டப்பாக்கள், குடைகள், கண்ணாடிக் கோப்பைகள் எல்லாவற்றிலும் அவள்தான், தலைமுடியில் நட்சத்திரங்கள் பதித்த அந்த ஓவியத்தோடு. இந்தப் பிம்பத்தைப் பெரிதும் உருவாக்கியது 1955 தொடங்கி மூன்று ஆண்டுகளில் அவளுடைய செல்லப்பெயரில் வெளியான மூன்று ‘சிசி’ திரைப்படங்கள். ரோமி ஷ்னைடர் அவற்றில் சிரித்துக்கொண்டே குதிரை ஏறும் இளவரசியாக நடித்தார். போரில் தோற்று, அப்போதுதான் தன் சுதந்திரத்தைத் திரும்பப் பெற்றிருந்த ஒரு நாட்டுக்கு அந்த இனிப்பு தேவைப்பட்டிருக்க வேண்டும். 1982இல் வரலாற்றாசிரியர் பிரிகிட்டே ஹாமன் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்த இனிப்பைக் கரைத்துவிட்டது. அதில் வருபவள் அரண்மனையை வெறுத்த, கவிதை எழுதிய, உணவைக் குறைத்து உடலை வருத்திக்கொண்ட, பிள்ளைகளிடமிருந்தும் விலகிப் போன ஒரு பெண். நாடகம் இந்தப் பெண்ணைத்தான் எடுத்துக்கொண்டது.

ஹோஃப்பர்க் அரண்மனையில் 2004இல் திறக்கப்பட்ட சிசி அருங்காட்சியகத்தில் அந்த அரம் இருக்கிறது. மெலிந்தது, கைக்கு அடக்கமானது. நாடகத்தை முதலில் இயக்கிய ஹாரி குப்ஃபர் அதை எடுத்து மேடை அகலத்துக்குப் பெரிதாக்கி ஒரு பாலமாகத் தொங்கவிட்டார். மரணம் அந்த அரத்தின் மேல் நடந்துதான் உள்ளே வருகிறான். அருங்காட்சியகத்துக்குக் காலையில் போய்விட்டு மாலையில் ரைமுண்ட் அரங்கில் போய் உட்கார்ந்ததால் எனக்கு அந்தப் பாலம் இறங்கிய நொடியில் உடம்பு சிலிர்த்தது. சிரித்த முகமான சிறுமி இன்னும் மலைகளில் திரிந்துகொண்டிருக்கிறாள், அவளைக் கொல்லப்போகும் கருவி அவள் தலைக்கு மேல் வானம் மாதிரி நிற்கிறது.

முதல் அரங்கேற்றம் நடந்தது ரைமுண்டில் அல்ல, தியேட்டர் ஆன் டெர் வீனில். 1801இல் திறந்த அந்த அரங்கில்தான் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வும் பிற்காலத்தில் ‘மெர்ரி விடோ’வும் முதன்முதலாகக் கேட்டன. அதன் வாசலில் நின்றபோது நான் யோசித்தது பேத்தோவனைப் பற்றி அல்ல, 1992ஐப் பற்றி. அந்த ஜூலையில்தான் குர்ட் வால்ட்ஹைம் ஆஸ்திரிய அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். இரண்டாம் உலகப்போரில் தான் எங்கே பணியாற்றினார் என்பதை மறைத்ததாக அவர்மேல் எழுந்த சர்ச்சை ஆறு ஆண்டுகள் நாட்டை உலுக்கியிருந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1991 ஜூலையில், பிரதமர் ஃப்ரான்ஸ் வ்ரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் நின்று, நாஜிக் கொடுமைகளில் ஆஸ்திரியர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். ‘நாங்கள் ஹிட்லரின் முதல் பலி’ என்று அதுவரை சொல்லிவந்த நாடு அது.

அந்த ஆண்டு வந்த நாடகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இரண்டாம் பாதியில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜெர்மன் தேசியவாதிகள் வியன்னாத் தெருவில் அணிவகுத்து வருகிறார்கள். யூதர்களை வைகிறார்கள். ஹங்கேரியர்களை வைகிறார்கள். யூதக் கவிஞன் ஹைன்ரிச் ஹைனேயை நேசித்த பேரரசியையும் வைகிறார்கள். மெட்டு என்று சொல்ல அதில் ஏதும் கிடையாது. காலடிச் சத்தமும் கூச்சலும்தான். காட்சியின் பெயரே ‘வெறுப்பு’. இது கற்பனை இல்லை. ஜெர்மன் தேசியவாதத் தலைவர் கேயோர்க் ஃபான் ஷோனரரின் ஆட்கள் அப்படித்தான் நடந்தார்கள். யூத வெறுப்பை வாக்காக மாற்றத் தெரிந்த கார்ல் லூகர் 1897இல் மேயரானார். இளம் ஹிட்லர் வியன்னாவில் இருந்தபோது வியந்து பார்த்த மனிதர் அவர். எலிசபெத் ஆதரித்த ஹைனே நினைவுச் சின்னத்தை டுசல்டார்ஃபில் வைக்க விடவில்லை. அது அட்லாண்டிக்கைக் கடந்து போய் இன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் நிற்கிறது.

அரங்கில் அந்தக் காட்சி முடிந்ததும் கைதட்டல் எழவில்லை. முந்தைய பாட்டுக்கெல்லாம் தாராளமாகத் தட்டிய கூட்டம் அது. என் அருகில் உட்கார்ந்திருந்த மூதாட்டி இடைவேளையில் பேத்திக்கு அரசகுல உறவுகளை விளக்கிக்கொண்டிருந்தவர். இப்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். வியன்னாவில் மரணம் காதலன் மட்டும் அல்ல என்பது அப்போது விளங்கியது. அந்த வெறுப்பு எங்கே போய் முடிந்தது என்று அறிந்த ஊர் அது. மரணம் அங்கே ஒரு பேரரசு எதை நோக்கி நடந்துகொண்டிருந்தது என்பதன் பெயர். எலிசபெத்தும் மரணமும் கடைசியில் முத்தமிடும்போது அவள் அவன் கையில் உயிரற்றுத் தொய்கிறாள். சொர்க்கம் எதுவும் திறக்கவில்லை. பக்கத்தில் லுக்கேனி தூக்கில் தொங்குகிறான், 1910இல் சிறையில் தொங்கியதைப் போலவே.

வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. இறங்கியதும் பேரரசி வேறு ஆளாகிவிடுகிறாள். டான்யூப் நதியின் மேல் வெள்ளைப் பாலம் ஒன்று அவள் பெயரில். முதலில் 1903இல் கட்டியது. 1945இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்தது. 1964இல் புதிதாக எழுப்பினார்கள். மன்னராட்சியை நினைவூட்டும் எதையும் விரும்பாத கம்யூனிஸ்ட் அரசு ஆண்ட காலம் அது. ஆனாலும் பாலத்தின் பெயர் எர்ஷேபெட் என்றே நிலைத்தது. காரணம் எளிது. அவள் ஹங்கேரிய மொழியைக் கற்றுக்கொண்டாள், வியன்னாவைவிட கோடொல்லோ மாளிகையில் இருப்பதை விரும்பினாள், ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் செய்துகொண்ட 1867 உடன்படிக்கையின்போது ஹங்கேரியர்களுக்காகக் கணவனிடம் வாதாடினாள்.

நாட்மெசோ தெருவில் இருக்கிறது ஓபரெட்டா அரங்கம். வெளியே இசையமைப்பாளர் இம்ரே கால்மான் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1894இல் இந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஃபெல்னரும் ஹெல்மரும் வியன்னாக்காரர்கள். ‘எலிசபெத்’ இங்கே வந்தது 1996இல். சேகெட் நகரத்தின் திறந்தவெளி விழாவில் கோடையில் தொடங்கி, இலையுதிர் காலத்தில் இந்த அரங்குக்குள் நுழைந்தது. இயக்கியவர் மிக்லோஷ் காபோர் கெரேனி. இசையமைப்பாளர் லெவாயும் ஹங்கேரிய வம்சம். இன்றைய செர்பியாவில் இருக்கும் சுபோட்டிட்சாவில் பிறந்தவர். அவருடைய மெட்டு இங்கே சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் ஒலித்தது என்பது என் காதின் தீர்ப்பு.

முதல் பாதியில் இளம் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் மனுக்களை விசாரிக்கும் ஒரு சிறிய காட்சி. ஒரு தாய் மரண தண்டனை பெற்ற தன் மகனுக்காகக் கெஞ்சுகிறாள். பேரரசர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கிறார். வியன்னாவில் அதை நான் ஒரு பலவீனமான பிள்ளையின் அறிமுகமாகப் பார்த்தேன். அரங்கமும் அப்படித்தான் பார்த்தது என்று நினைக்கிறேன். புடாபெஸ்டில் அந்த மறுப்பு மேடையைவிட்டு இறங்கி வந்து இருக்கைகளுக்கு நடுவே நின்றது. 1849 அக்டோபர் 6 அன்று, விடுதலைப் போரில் தோற்ற ஹங்கேரியின் 13 தளபதிகளை அராட் நகரில் கொன்றார்கள். அதே நாளில் பெஸ்டில் பிரதமராயிருந்த லயோஷ் பத்யானியைச் சுட்டார்கள். அப்போது அரியணையில் இருந்தது இதே ஃப்ரான்ஸ் யோசஃப். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தத் தேதி தெரியும். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அந்தத் தாய் பாடும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து முடிசூட்டுக் காட்சி. 1867 ஜூன் 8, மத்தியாஸ் தேவாலயம். வியன்னா மேடையிலும் மக்கள் ஹங்கேரிய மொழியில்தான் வாழ்த்தொலி எழுப்புகிறார்கள், ஆனால் அங்கே அது வேற்றுமொழிக் கூச்சல், கதைக்கு ஒரு நிறம். இங்கே அது அரங்கத்தின் சொந்தக் குரல். 1848 கிளர்ச்சிக்காக ஆளில்லாமலே உருவம் தூக்கிலிடப்பட்ட ஒருவர் பதினாறு ஆண்டுகளில் திரும்பி வந்து, பிரதமராகி, தன்னைத் தூக்கிலிடச் சொன்ன மன்னனின் தலையில் கிரீடம் வைக்க உதவினார். அவர் பெயர் ஜூலா அந்திராஷி. இந்த வரலாற்றின் எடை முழுவதும் அந்த ஒரு காட்சியில் இறங்குகிறது. புடாபெஸ்டின் நடனக்காரர்கள் உடம்பையே எரித்து ஆடுகிறார்கள். வியன்னாவில் மேடை இயந்திரம் செய்ததை இங்கே மனித உடல்கள் செய்கின்றன. முடிவில் பார்வையாளர்களின் கைதட்டல் தானாக ஒரே தாளத்தில் சேர்ந்து, வேகம் கூடி, உடைந்து, மறுபடி சேர்ந்தது. ஹங்கேரிய அரங்குகளின் வழக்கம் அது. திரை எத்தனையோ முறை ஏறி இறங்கியது.

இங்கே மரணம் கிளர்ச்சிக்காரன். எலிசபெத்தின் மகன் இளவரசன் ருடால்ஃபை அவன் இழுக்கும்போது அரசியல்தான் தூண்டில். ருடால்ஃப் 1889 ஜனவரியில் மயர்லிங்கில் தன்னைச் சுட்டுக்கொண்ட கதையை ஹங்கேரியர்கள் தங்கள் இழப்பாகவே பார்க்கிறார்கள். அவன் அரசனாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஏக்கம் நாடகத்தில் கசிந்துகொண்டே இருக்கிறது. புடாபெஸ்டில் மரணமாக நடித்த மாத்தே கமராஷ் 2003இல் வியன்னாவுக்குப் போய் அதே பாத்திரத்தை ஜெர்மனில் பாடினார், 2012இல் ஜப்பானியத் தயாரிப்பில் ஜப்பானிய மொழியில் பாடினார். ஒரே மனிதன், ஒரே மரணம், மூன்று மொழிகள்.

ஒசாகாவின் உமேடா நிலையத்திலிருந்து ஹங்க்யூ நிறுவனத்தின் செம்பழுப்பு ரயில் அரை மணியில் தகராசுகாவில் இறக்கிவிடுகிறது. அந்த ரயில் இல்லாவிட்டால் அந்த அரங்கமும் இருந்திருக்காது. ரயில்பாதையின் கடைசியில் இருந்த வெந்நீரூற்று ஊருக்குக் கூட்டம் வர வேண்டும் என்று இச்சிசோ கொபயாஷி 1913இல் இளம்பெண்களின் பாட்டுக்குழு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, நீச்சல்குளத்தை மாற்றி அமைத்த அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. இன்று பெரிய அரங்கில் 2,550 இருக்கைகள். நடிப்பவர்கள் அனைவரும் பெண்கள். இரண்டு ஆண்டு இசைப்பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஒருத்தி ஆண் வேடக்காரி, இன்னொருத்தி பெண் வேடக்காரி என்று பிரிந்து, மேடையில் இருக்கும்வரை பெரும்பாலும் அப்படியே இருப்பார்கள். குழுவின் உச்ச நட்சத்திரம் எப்போதும் ஆண் வேடக்காரிதான். நந்தனாராகவே திரையில் நடித்த கே.பி.சுந்தராம்பாளைத் தெரிந்த நமக்கு அந்தக் கம்பீரத்தின் ருசி புதிதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாடகத்தின் பெயரே ‘எலிசபெத்’. நாயகி பெண். ஆனால் தகராசுகாவில் நாயகனுக்குத்தான் முதலிடம். 1996 பிப்ரவரியில் தகராசுகாவின் குழுக்களில் ஒன்றான பனிக்குழுவுக்காக இதை எடுத்த இயக்குநர் ஷூயிச்சிரோ கொய்கே கதையின் மையத்தையே நகர்த்தினார். மரணம் நாயகனானான். அவன் எதற்காக அந்தச் சிறுமியைக் காதலித்தான் என்று சொல்ல லெவாயிடம் ஒரு புதிய பாட்டுக் கேட்டு வாங்கினார். அந்தப் பாட்டின் பெயரே நாடகத்தின் துணைத்தலைப்பானது. வியன்னாவில் அவள் பின்னால் அலையும் ஒரு புதிராக இருந்தவன் இங்கே மனித உணர்வு தன்னைத் தொட்டுவிட்டதே என்று திகைத்து நிற்கிறான். அழிவற்ற ஒருவன் ஒரு மனுஷியைக் காதலித்துவிட்டான், அவள் தானாகத் தன்னைத் தேர்ந்தெடுக்கும்வரை அவளைத் தொடுவதில்லை என்று காத்திருக்கிறான். கொய்கே கண்டது இந்தக் காத்திருப்பை. இந்த ஒரு மாற்றத்தில் மற்றக் காட்சிகள் எல்லாம் வேறு வெளிச்சம் பெற்றுவிட்டன என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் போன நாளில், காட்சி தொடங்குமுன் நட்சத்திரத்தின் குரலில் வரவேற்பு ஒலித்தது. உடனே கைதட்டல். அவர் மேடைக்கு வந்ததும் கைதட்டல். அதன்பின் அந்தப் பெரிய அரங்கில் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. இசைக்குழுவின் குழிக்கு முன்னால் பார்வையாளரை ஒட்டி ஒரு குறுகிய நடைமேடை ஓடுகிறது. வெள்ளிப் பாலம் என்பார்கள். மரணம் அதன்மேல் நடந்து வந்தபோது என் வரிசைப் பெண்கள் யாரும் அசையவில்லை. ஒரு பெண் ஆணாக நடப்பது என்பது அங்கே பல்லாண்டுகள் பழகிய கலை. தோளின் கோணம், கை விரல்களின் இடைவெளி, திரும்புமுன் விழும் அரைநொடி நிறுத்தம். அந்த உருவத்துக்கு ஆண், பெண் என்ற அடையாளங்கள் இரண்டும் பொருந்தவில்லை. மனிதனல்லாத ஒன்றைக் காட்ட இதைவிடச் சரியான உடல் கிடைக்காது. மற்ற ஊர்களில் மரணமாக வந்தவர்கள் நல்ல நடிகர்கள். தகராசுகாவில் வந்தது மரணம்.

ஆனால் விலை உண்டு. வியன்னாவில் பேரரசர் விலைமாதிடம் பெற்ற நோய் மனைவிக்கும் தொற்றி, அதன் வழியே அவரது துரோகம் அவளுக்குத் தெரிய வருகிறது. தகராசுகாவில் அந்த இடத்தில் ஒரு புகைப்படம் வருகிறது. எழுதப்படாத ஒழுக்க விதி ஒன்று அந்த மேடையைக் காக்கிறது. நோயைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வெறுப்புக் காட்சி அங்கே இல்லை என்பதுதான் வருத்தம். அதற்குப் பதிலாக ஹங்கேரிய விடுதலைக்குச் சதி செய்யும் இளைஞர்களின் பகுதி விரிந்திருக்கிறது. ஆண் வேடக்கார இளம் நடிகைகள் பலருக்கு அதனால் நல்ல பாத்திரங்கள் கிடைத்தன என்பது என் ஊகம். அவர்கள் அழகாக ஆடினார்கள். இருந்தும் வியன்னாவின் தெருவில் கேட்ட அந்தக் காலடிகள் இல்லாமல், ருடால்ஃப் ஏன் அவ்வளவு பயந்தான் என்பது பாதிதான் புரிகிறது. அவனுடைய சாவு அழகான இளைஞனின் சாவாக முடிந்துவிடுகிறது.

முடிவில் எலிசபெத்தும் மரணமும் வெண்ணிற உடையில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மேலே எழுகிறார்கள். விண்ணுலகம் திறக்கிறது. திரை விழுந்து, பிறகு மேடையை நிறைக்கும் படிக்கட்டு ஒளிர்ந்து, இறந்தவர்கள் கொன்றவர்கள் எல்லோரும் இறகு அணிகலன்களோடு பாடிக்கொண்டு இறங்கி வருகிறார்கள். நடனக் காட்சி தனியாக நடக்கிறது. தகராசுகாவில் எந்த நாடகத்துக்கும் இந்த நிறைவு உண்டு. வியன்னாவின் அந்தத் தூக்குக் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இது கண்கூசும். ஆனாலும் கண்ணீர் வந்தது, காரணம் சொல்லிவிடுகிறேன். மகளையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு யாராவது ஒருவர், எங்காவது ஒரு மேடையில், ஒரு நல்ல முடிவு கொடுக்கலாம் என்று தோன்றியது.

தோக்கியோவில் 2000ஆம் ஆண்டு தோஹோ நிறுவனம் ஆண் நடிகர்களோடு தனியாக ஒன்றை மேடையேற்றியது, அதையும் கொய்கேயே இயக்கினார். அங்கே வெறுப்புக் காட்சி திரும்பி வந்தது. இன்னொன்றும் நடந்தது. 1996இல் தகராசுகாவின் முதல் மரணமாக நடித்து விடைபெற்ற இச்சிரோ மாகி, அங்கே எலிசபெத்தாக நடித்தார். காத்திருந்தவனாகவும் காத்திருக்கப்பட்டவளாகவும் ஒரே நடிகை. அது அரங்கேறிய இம்பீரியல் அரங்கம் ஜப்பானியப் பேரரசர் அரண்மனையின் அகழிக்கு எதிரே நின்றது. மறுகட்டுமானத்துக்காக 2025 பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள்.

சியோலில் ஹங்காங்ஜின் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் புளூ ஸ்குவேர். 2012இல் கொரியத் தயாரிப்பு முதலில் அரங்கேறியது இங்கேதான். அமெரிக்கரான ராபர்ட் ஜோஹான்சன் இயக்கினார். நுழைவாயிலில் அன்று யார் யார் நடிக்கிறார்கள் என்ற பலகை. அதைப் படமெடுக்க நீண்ட வரிசை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு மூன்று நடிகர்கள் மாறி மாறி வருவது கொரிய வழக்கம். ரசிகர்கள் சேர்க்கைகளைக் கணக்கிட்டு, இந்த மரணத்தோடு அந்த எலிசபெத் எப்படி என்று பார்க்க மறுபடி மறுபடி வருகிறார்கள். எனக்குத் தொலைநோக்கி வாடகைக்கு எடுத்துத் தந்த கல்லூரி மாணவி, “முகத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்துப் பயனில்லை அக்கா” என்கிற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னாள். முதல் ஆண்டில் மரணமாக நடித்தவர்களில் ஒருவர் கிம் ஜுன்சு. பாப் குழுவிலிருந்து வந்து 2010இல் இதே கூன்ட்சே-லெவாயின் ‘மொட்சார்ட்!’ மூலம் இசைநாடகத்துக்குள் நுழைந்தவர். அவருக்காக வந்த இளம் கூட்டம் அந்தக் கலையின் பொருளாதாரத்தையே மாற்றியது.

சியோலில் முன்னால் நிற்பது குரல். ஒவ்வொரு பாட்டும் உச்சியைத் தொட்டு அங்கேயே நின்று நெடுநேரம் எரிகிறது. வியன்னாவில் பேச்சுபோல வந்த வரிகள்கூட இங்கே முழுக் குரலில். ஆரம்பத்தில் எனக்கு இது அதிகம் என்று பட்டது. பிறகு கியோங்போக்குங் அரண்மனைக்குப் போனேன். அதன் வடகோடியில் இருக்கிற சிறு மாளிகையில் 1895 அக்டோபரில் ஜப்பானியர்கள் அரசி மியோங்சோங்கைக் கொன்றார்கள். எலிசபெத் சாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அந்தக் கொலையின் நூறாவது ஆண்டில், 1995இல், கொரியா தன் சொந்தப் பெரிய இசைநாடகம் ஒன்றை அரங்கேற்றியது: ‘கடைசிப் பேரரசி’. ஆயுதத்தால் கொல்லப்பட்ட அரசி, சரியும் ஓர் அரசகுலம், பாடிக்கொண்டே நிற்கும் அவள் ஆவி எல்லாம் இந்தப் பார்வையாளர்களின் நினைவில் ஏற்கெனவே இருந்தன. தான் தனக்கு மட்டுமே சொந்தம் என்று எலிசபெத் அறிவிக்கும் அந்தப் புகழ்பெற்ற பாட்டை மறுநாள் மீண்டும் கேட்டேன். அந்த உரத்த குரல் அதிகம் என்று பிறகு எனக்குத் தோன்றவில்லை. வியன்னாவில் அது ஒரு மருமகள் மாமியாரிடம் சொல்வது. சியோலில் அது ஓர் அரசி, தன்னைக் கொல்லக் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்வது.

இந்த மாற்றங்கள் போன இடத்திலேயே தங்கிவிடவில்லை. 2001இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத் தயாரிப்புக்காக எலிசபெத்தும் மரணமும் மோதிப் பாடும் ஒரு புதிய பாட்டு எழுதினார்கள். முடிசூட்டுக்குப் பின் வெற்றிக் களிப்பில் இருக்கும் அவளிடம் அவன் வருவான், இருவரும் விட்டுக்கொடுக்காமல் பாடுவார்கள். அது 2003இல் வியன்னாவுக்குள் வந்தது, பின்னர் ஜப்பானுக்கும் போனது. இன்று அது இல்லாத ‘எலிசபெத்’தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தாய்வீடு என்று எதுவும் தன் பிரதியைப் பூட்டி வைக்காததால் கிடைத்த செல்வம் அது.

அதே பாதையில் ஒரு காட்சி மட்டும் தகராசுகாவுக்குப் போகாமல் நிற்கிறது. அந்த மேடையின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்களின் உழைப்பை நேரில் பார்த்தேன். வெறுப்பைக் காட்டும் வலிமை அவர்கள் கால்களில் இருக்கிறது. ஒரே அசைவில் நடக்க ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் அவர்கள். ஓர் அணிவகுப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கும், அந்தக் கவர்ச்சியே எவ்வளவு பயங்கரம் என்பதை அவர்களைப்போல் வேறு எந்தக் குழுவும் காட்டிவிட முடியாது. அடுத்த முறை அங்கே எந்தக் குழு இதை எடுத்தாலும், அந்த அணிவகுப்பை வெள்ளிப் பாலத்தின் மேல் ஒருமுறை நடத்திப் பார்க்கட்டும். அதற்காகவே மறுபடி அந்தச் செம்பழுப்பு ரயிலில் ஏறுவேன்.